பட்டதாரியின் முதற்பணியும் பகுதி-1 தமிழும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக மாணவர்களை முதற்பணிக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சிகளில் ‘தகவல்தொடர்புத் திறன்’ என்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் பயிற்றுவதாகவே கொள்ளப்படுகிறது. ஆயினும், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழில் வட்டாரத்தில் பணியேற்கும் பட்டதாரி, ஆங்கில ஆவணத்திற்கும் தமிழ் பேசும் தொழிலாளர்க்கும் இடையே நிற்பவராவார். அறிவிப்பு, விபத்து அறிக்கை, முறையீடு, கூட்டக்குறிப்பு ஆகியவற்றைப் பிழையறத் தமிழில் எழுதுவது அவர்தம் பணித்திறனின் பகுதியாகும். இத்திறனுக்குரிய அளவுகோல்கள் நன்னூலின் வினா, விடை, குற்றம், வழக்கு பற்றிய கருத்துகளில் அமைந்துள்ளன என்பதையும், அவற்றைப் பகுதி-1 தமிழ்ப் பாடத்தில் பயன்கொள்ளும் வகையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பணித்திறன், பகுதி-1 தமிழ், தோல் தொழில், நன்னூல், விபத்து அறிக்கை, அறிவிப்பு மொழி, குழூஉக்குறி.

முன்னுரை

கல்வி வேலைக்கு உதவ வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் தமிழ்ப் பாடம் இருவகையாக நோக்கப்படுகிறது. வேலைக்கு உதவாத, எனினும் பண்பாட்டின் பொருட்டுக் காக்கப்பட வேண்டிய பாடம் என்பது ஒன்று. போட்டித் தேர்வில் மதிப்பெண் ஈட்டித் தரும் பாடம் என்பது மற்றொன்று. இவ்விரு நோக்கிலும் தமிழ், வேலை கிடைப்பதற்கு முன்னர் பயன்பட்டு, வேலையில் சேர்ந்த நாளில் விடைபெறும் ஒன்றாகவே கருதப்படுகிறது. பணித்தளத்தின் உள்ளே தமிழ் என்ன வேலை செய்கிறது என்ற வினா தமிழாய்வில் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

அவ்வினாவை ஒரு வட்டாரத்தின் தொழிற்சூழலில் வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். விளக்கமுறை ஆய்வும் ஒப்பீட்டு முறையும் பின்பற்றப்பட்டுள்ளன. சட்ட விதிகளும் இலக்கணக் கோட்பாடுகளும் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாகத் தரப்படும் அறிவிப்பும் அறிக்கையும் எந்த நிறுவனத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. விளக்கத்தின் பொருட்டு இக்கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை.

தோல் தொழில் வட்டாரமும் பணியின் மாற்றமும்

பாலாற்றங்கரையை ஒட்டிய வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றவை. தொடக்கத்தில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு பதனிட்ட தோல் இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. 1972ஆம் ஆண்டின் சீதாராமையா குழுப் பரிந்துரையைத் தொடர்ந்து, அரைப்பதமான தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலும், பின்னர்க் காலணியும் காலணியின் மேற்பகுதியும் உற்பத்தி செய்யும் நிலைக்குத் தொழில் நகர்ந்தது. இன்று ஆம்பூர் வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் பெண்களின் பங்கு மிகுதி.

இம்மாற்றம் உற்பத்தி முறையை மட்டும் மாற்றவில்லை. எழுத்தின் தேவையையும் பெருக்கியது. தோலைத் தரம் பிரித்து விற்கும் மண்டியில் கண்ணும் கையும் பேச்சும் பெரிதும் போதுமானவையாக இருந்தன. வெளிநாட்டு வணிகருக்குக் காலணி செய்து தரும் தொழிற்சாலையில் ஒவ்வொரு படிக்கும் பதிவேடு வேண்டும். தைப்பில் நேர்ந்த குறை, திருப்பி அனுப்பப்பட்ட இணைகள், பணிநேரம், பாதுகாப்புப் பயிற்சி ஆகிய எல்லாம் எழுதப்பட வேண்டும். மாசுக்கட்டுப்பாடும் பதிவேட்டின் முதன்மையை உயர்த்தியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதற்குரிய விலையைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகளாக ஏற்றது.

இத்தொழிலோடு உயர்கல்விக்கும் நெருங்கிய உறவுண்டு. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இலும், தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் பெயரில் மேல்விசாரத்தில் அமைந்த கல்லூரி 1965இலும் தோன்றின. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கல்வியை முடித்து இவ்வட்டாரத் தொழிற்சாலையில் சேரும் பட்டதாரிக்கு மேற்பார்வை, தரக்கட்டுப்பாடு, பணியாளர் நலன், கணக்கு, கிடங்கு முதலிய பிரிவுகளில் முதற்பணி அமைகிறது. இவை அனைத்தும் இடைநிலைப் பணிகள். மேலிருந்து ஆங்கிலத்தில் வரும் கட்டளையைக் கீழே தமிழில் சொல்வதும், கீழே தமிழில் நிகழ்ந்ததை மேலே எழுத்தில் தெரிவிப்பதும் இப்பணிகளின் உட்கூறுகள்.

திறன் பயிற்சிகளில் மொழியின் இடம்

மாணவரின் பணித்திறனை வளர்க்கும் முயற்சிகள் அண்மைக்காலத்தில் பெருகியுள்ளன. பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் ‘ஜீவன் கௌசல்’ என்னும் வாழ்வியல் திறன் பாடத்திட்டத்தை வெளியிட்டது. அதில் தகவல்தொடர்புத் திறன், தொழில்சார் திறன், தலைமை மற்றும் மேலாண்மைத் திறன், மாந்த விழுமியங்கள் ஆகியன இடம்பெற்றன. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான காலணி மற்றும் தோல் பொருள்கள் கொள்கை, 2 இலட்சம் வேலைவாய்ப்புகளை உருவாக்குவதை இலக்காக அறிவித்தது.

இம்முயற்சிகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஏற்றுமதித் தொழிலில் ஆங்கிலம் இன்றியமையாதது. அதனை நன்கு கற்காத பட்டதாரி மேற்பதவிக்குச் செல்லத் தடுமாறுவார் என்பதும் உண்மை. ஆயினும், ‘தகவல்தொடர்பு’ என்ற சொல்லே வகுப்பறையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு மறுபெயராகிவிடும்போது ஓர் இடைவெளி தோன்றுகிறது. மாணவருக்குத் தாய்மொழி தெரியும். ஆகவே அதில் தனிப்பயிற்சி வேண்டியதில்லை என்ற எண்ணம் அவ்விடைவெளியை மறைக்கிறது. பேசத் தெரிவதும் பணித்தளத்திற்கு எழுதத் தெரிவதும் ஒன்றல்ல. கவிதைக்கு நயம் எழுதி உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர், ஓர் இயந்திரம் நின்றது ஏன் என்பதைப் பத்து வரியில் எழுத இடர்ப்படலாம். அது மாணவரின் குறையன்று. அவ்வகை எழுத்து அவருக்குக் கற்பிக்கப்படவில்லை.

சட்டம் வேண்டும் தமிழ்

பணித்தளத்தில் தாய்மொழி எழுத்து என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தொழிற்சாலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. 1946ஆம் ஆண்டுத் தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டமும் நிலையாணைகளை அவ்வாறே இரு மொழிகளில் நுழைவாயிலருகே வைக்கப் பணித்தது. இவ்விரு சட்டங்களும் 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டங்களுள் அடக்கப்பட்டுள்ளன. எனினும், தொழிலாளர் தம் நிலைமையைத் தம் மொழியில் அறிய வேண்டும் என்னும் தேவை மாறவில்லை.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இங்குத் தனித்து நோக்கத்தக்கது. முறையீடு எழுத்தில் அமைய வேண்டும். பொதுவாக நிகழ்ந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் அளிக்கப்பட வேண்டும். எழுத இயலாதவர்க்கு எழுதுவதற்குரிய உதவியைக் குழுவின் தலைவரோ உறுப்பினரோ செய்தல் வேண்டும் என அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. பெண் தொழிலாளர் மிகுந்த இவ்வட்டாரத்தில் அவ்வுதவியைச் செய்யும் இடத்தில் நாளை நிற்கக்கூடியவர் இன்றைய கல்லூரி மாணவி. ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொல்வதை, அவர் சொல்லாததைச் சேர்க்காமலும் சொன்னதை மென்மையாக்காமலும் எழுத்தில் வடிப்பது எளிய செயலன்று. “தவறாக நடந்துகொண்டார்” என்ற பொதுத்தொடர் முறையீட்டை வலுவிழக்கச் செய்யும். எந்நாள், எவ்விடம், என்ன சொல், என்ன செயல் என்பவை தனித்தனியே எழுதப்பட்டால்தான் அது விசாரணைக்கு நிற்கும்.

வினாவும் விடையும்

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வினாவும் விடையும் வழுவாதிருக்க வேண்டியதைப் பேசுகிறது. நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுக்கிறது. இப்பகுப்பைத் தேர்வுக்குரிய பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவர், பணிக்கான நேர்காணலின் இலக்கணமும் இதுவே என்பதை உணர்வதில்லை.

நேர்காணலில் அமர்ந்திருப்பவர் தாம் அறிந்த ஒன்றையே கேட்பது அறிவினா. அதற்கு நேர்விடை வேண்டும். பணியில் சேர்ந்தபின் மேலாளர் “இந்தத் தோல் ஏன் திரும்பி வந்தது?” எனக் கேட்பது பெரும்பாலும் அறியா வினா. அவருக்கு உண்மையிலேயே காரணம் தெரியாது. அங்கு முகமன் உரை பயன்படாது. “கணக்கு முடித்துவிட்டாயா?” என்பது வினா வடிவில் அமைந்த ஏவல். இவற்றைப் பிரித்தறியாத புதியவர் அறியா வினாவை அறிவினாவாகக் கொண்டு அஞ்சுகிறார். ஏவல் வினாவை வெறும் வினாவாகக் கொண்டு வாளாவிருக்கிறார்.

விடை வகைகளுள் உற்றது உரைத்தல், உறுவது கூறல் ஆகிய இரண்டும் பணித்தள எழுத்தின் இரு தூண்கள் எனலாம். இலக்கணத்தில் இவை வினாவுக்கு மறைமுகமாக அமையும் விடைகள். “இதைச் செய்வாயா?” என்பார்க்குக் “கை வலித்தது” என்பது உற்றது உரைத்தல், “கை வலிக்கும்” என்பது உறுவது கூறல். இக்கலைச்சொற்களின் பொருளை விரித்து நோக்கினால், நிகழ்ந்ததைச் சொல்லும் விபத்து அறிக்கை உற்றது உரைத்தலாகவும், நிகழக்கூடியதைச் சொல்லும் எச்சரிக்கை அறிவிப்பு உறுவது கூறலாகவும் அமைவதைக் காணலாம். இவ்விரண்டையும் கலந்து எழுதுவது பெரும்பிழை. விபத்து அறிக்கையில் “இனி இவ்வாறு நிகழாது” என்னும் உறுதிமொழி நிறைந்து, நிகழ்ந்தது என்ன என்பது மறைந்துபோதல் இப்பிழையின் ஒரு வடிவமாகும்.

விபத்து அறிக்கையும் நன்னூல் காட்டும் குற்றங்களும்

பின்வரும் அறிக்கையை நோக்குக:

“நேற்று இயந்திரம் பழுதான காரணத்தால் தொழிலாளி ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. உடனடியாக உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.”

இதில் எழுத்துப்பிழையோ சந்திப்பிழையோ இல்லை. வகுப்பறைத் திருத்தத்தில் இது முழு மதிப்பெண் பெறும். ஆனால், பணித்தள அறிக்கையாக இது பயனற்றது. எந்த இயந்திரம், எத்தனை மணி, எந்தக் கை, காப்புத்தகடு பொருத்தப்பட்டிருந்ததா, இயந்திரத்தை நிறுத்தியவர் யார், மருத்துவமனைக்கு எப்போது கொண்டு செல்லப்பட்டார் என்பவற்றுள் ஒன்றுகூட இதில் இல்லை. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூல் பொதுப்பாயிரம் தொகுக்கிறது. அவற்றுள் குன்றக் கூறல் என்பது இவ்வறிக்கைக்கு முற்றும் பொருந்தும். “பழுதான காரணத்தால்” என்பது விசாரணைக்கு முன்பே முடிவைச் சொல்வதால் மயங்க வைத்தலும் ஆகிறது.

செயப்பாட்டு வினை இங்கு ஆராயத்தக்கது. “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்னும் தொடரில் எழுவாய் மறைந்து நிற்கிறது. செய்தவர் யாரென்று அறியாதபோதோ அதைச் சொல்ல வேண்டாதபோதோ செயப்பாட்டு வினை பயன்படும். அறிந்தபோதும் அதையே கையாண்டால் பொறுப்பும் மறைந்துவிடுகிறது. “மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்தினார்” என்னும் செய்வினைத் தொடர் குறுகியது, தெளிவானது, பின்னர்ச் சரிபார்க்கக் கூடியது. செய்வினை – செயப்பாட்டு வினை மாற்றத்தைத் தேர்வு வினாவாக மட்டும் பயிற்றாமல், எங்கு எது வேண்டும் என்ற அறத்தோடு பயிற்றினால் அது பணித்திறனாகும்.

இதனால் நேரும் இழப்பு மொழிநடையோடு நிற்பதன்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், வேலையின்போது நேர்ந்த காயத்திற்கும் பிற நோய்க்கும் உதவி வேறுபடுகிறது. காயம் வேலையால் நேர்ந்ததா என்ற ஐயம் எழும்போது விபத்தின் பதிவு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகிறது. விரலை இழந்த ஒருவரின் வருங்கால வருவாய், வேலைக்குச் சேர்ந்து சில திங்களே ஆன இளைஞர் எழுதிய நான்கு வரிகளைச் சார்ந்திருக்கக் கூடும்.

எச்சரிக்கை அறிவிப்பின் மொழி

தோல் பதனிடுதலில் முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு பயன்படுத்தப்படுகிறது. சல்பைடு கலந்த கழிவுநீர் அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு வெளிப்படும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் தரும். செறிவு மிகும்போது மூக்கின் மோப்ப உணர்வே மரத்துவிடும். ஆகவே நாற்றம் இல்லாமை பாதுகாப்புக்கு அடையாளமாகாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் இறப்பது இவ்வகை விபத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவது. இவ்வறிவைத் தொழிலாளிக்குக் கொண்டு சேர்ப்பது அறிவிப்பின் கடமை. இரு வடிவங்களை ஒப்பிடலாம்.

வடிவம் 1: “பாதுகாப்பு உபகரணங்கள் அணியப்படாத நிலையில் கழிவுநீர்த் தொட்டியினுள் நுழைவது அனுமதிக்கப்படமாட்டாது.”

வடிவம் 2: “தொட்டிக்குள் இறங்காதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும். நாற்றம் வராவிட்டாலும் இருக்கும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்க வேண்டாம். உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.”

முதல் வடிவம் ஆங்கிலத் தொடரின் நிழல். காரணத்தைச் சொல்லவில்லை, செய்ய வேண்டியதையும் சொல்லவில்லை, தடையை மட்டும் எதிர்மறைச் செயப்பாட்டில் சொல்கிறது. முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டால் இறங்கலாம் என்ற தவறான பொருளுக்கும் இடமளிக்கிறது. இரண்டாம் வடிவம் ஏவலையும் உறுவது கூறலையும் இணைக்கிறது. தொடர்கள் சிறியவை, உரத்துப் படித்தால் எழுத்தறியாதவர்க்கும் விளங்குபவை.

சொற்றேர்வும் இங்கு எழும் சிக்கல். பதனிடும் சுழல்கலனை இவ்வட்டாரத் தொழிலாளர் ‘டிரம்’ என்பர். காலணியின் மேற்பகுதியை ‘அப்பர்’ என்பர். எச்சரிக்கைப் பலகையில் இவற்றுக்கு ஈடாக வழக்கில் இல்லாத புதுச்சொல்லை இட்டால், அப்பலகை யாரை எச்சரிக்க வேண்டுமோ அவருக்கே விளங்காது. தமிழ் பயின்றோர்க்கு இது உவப்பான கருத்தாகத் தோன்றாதிருக்கலாம். ஆனால், ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லை நன்னூலார் குழூஉக்குறி எனத் தகுதி வழக்கினுள் ஏற்றிருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். கலைச்சொல்லாக்கம் பாடநூலில் நிகழட்டும். உயிர்காக்கும் பலகையில் வழக்குச்சொல்லே நிற்கட்டும். இரண்டையும் அறிந்து இடமறிந்து கையாள்வதே பட்டதாரியிடம் எதிர்பார்க்கத்தக்க மொழித்திறன்.

தமிழ் மட்டும் போதும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தன்று. இவ்வட்டாரத்தில் உருது, தெலுங்கு பேசுவோர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். வடமாநிலத் தொழிலாளரும் வந்து சேர்ந்துள்ளனர். 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் கழிவுநீர்ச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். அவ்விபத்துக்கு மொழி காரணமன்று. ஆனால், இன்றைய பணித்தளத்தின் மொழிப்பன்மையை அது நினைவூட்டுகிறது. எளிய தொடரும் படமும் பிற மொழி பெயர்ப்பும் சேர்ந்தே அறிவிப்பு நிறைவுறும். தெளிவான தமிழ் மூலம் அமைந்தால், பிற மொழிக்குப் பெயர்ப்பதும் எளிதாகும்.

பகுதி-1 தமிழுக்கான பரிந்துரைகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், இளநிலைப் பட்ட வகுப்பில் பகுதி-1 தமிழ் பயில்வோர்க்குப் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன.

1. பருவம் ஒன்றில் ஓர் அலகைப் ‘பணித்தளத் தமிழ்’ என அமைக்கலாம். விபத்து அறிக்கை, எச்சரிக்கை அறிவிப்பு, கூட்டக்குறிப்பு, முறையீடு, பணி ஒப்படைப்புக் குறிப்பு ஆகிய ஐந்து எழுத்து வகைகள் அதில் போதும்.

2. வினா – விடை வகைகள், குற்றங்கள், வழக்கு, செய்வினை – செயப்பாட்டு வினை ஆகிய இலக்கணப் பகுதிகளை அவ்வெழுத்து வகைகளோடு இணைத்து நடத்தலாம். இதனால் புதுச்சுமை கூடாது; முன்பே உள்ள இலக்கணம் பொருளுடையதாகும்.

3. அப்பகுதித் தொழிலில் பணிபுரிந்து ஓய்வுபெற்றோரை வகுப்பிற்கு அழைத்து, நிகழ்வொன்றைச் சொல்லச் செய்து, அதை மாணவர் எழுதி, சொன்னவரிடமே படித்துக்காட்டி ஒப்புதல் பெறும் பயிற்சியை மேற்கொள்ளலாம். கேட்டதை மாற்றாமல் எழுதும் திறன் இதனால் வளரும்.

4. தொழிற்சொற்களைத் தொகுப்பதை மாணவர் குறுந்திட்டமாக வழங்கலாம். தோல் தொழிலின் குழூஉக்குறிகள் வட்டார வழக்காய்வுக்கும் கருவூலமாகும்.

5. மதிப்பீட்டில் நடைநயத்திற்கும் தகவல் நிறைவுக்கும் தனித்தனி மதிப்பெண் அமைய வேண்டும். அறிக்கையைப் படித்த வேறொரு மாணவர் நிகழ்ந்ததைத் திரும்பச் சொல்ல இயலுமாயின், அவ்வறிக்கை தேறியதாகும்.

இவ்வலகு இலக்கியப் பாடத்தின் இடத்தைப் பறிக்கும் என்ற அச்சம் எழலாம். ஐந்து அலகுகளுள் ஒன்றை வேண்டுவது இலக்கியத்தைக் குறைப்பதாகாது. பிறர் துன்பத்தைத் தன் துன்பம்போல் உணரக் கற்பிப்பது இலக்கியம். உணர்ந்ததைப் பிழையின்றிப் பதிவுசெய்யக் கற்பிப்பது பணித்தளத் தமிழ். முன்னது இல்லாத இடத்தில் பின்னது வெறும் படிவம் நிரப்புதலாகிவிடும்.

முடிவுரை

தோல் தொழில் வட்டாரத்தில் முதற்பணி ஏற்கும் பட்டதாரி ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும், மேலாண்மைக்கும் தொழிலாளர்க்கும் இடையே நிற்கிறார். ஆங்கிலத்தை நோக்கி மட்டும் அவரை ஆயத்தப்படுத்தும் பயிற்சி அவர்தம் பணியின் ஒரு பாதியையே காண்கிறது. மறுபாதிக்குரிய அளவுகோல்கள் நன்னூல் முதலான இலக்கணங்களில் உள்ளன. அவற்றைப் பணித்தள எழுத்தோடு பொருத்திக் காட்டும் பொறுப்பு தமிழ்த்துறைகளைச் சார்ந்தது. வேலைவாய்ப்புப் பிரிவு மாணவரை வாயில்வரை கொண்டுசேர்க்கும். வாயிலைக் கடந்தபின் அவர் எழுதப்போகும் முதல் அறிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் தமிழாசிரியர். அவ்வறிக்கையில் ஒரு தொழிலாளியின் உரிமை அடங்கியிருக்கக் கூடும் என்பதால், இது பாடத்திட்டச் சீரமைப்பு மட்டுமன்று. துறையின் சமூகக் கடமையும் ஆகும்.